உத்திக்கு ஒரு ஜோடி

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய்யில்லை. தையல் கடைக்காரிக்குப் பொறுமை இருக்கும் என்று நினைக்கிறவர்கள் தீபாவளிக்கு முந்தின வாரம் என் கடைக்கு வந்து பார்க்க வேண்டும். ஒரு கூட்டத்தை எப்படிச் சேர்த்து வைப்பது, எப்படி விளையாட வைப்பது என்றெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை? யோக்கியதை உள்ளவள் இரண்டு தெரு தள்ளி மாடிவீட்டில் இருக்கிறாள். கேட்டால், "ஆடத் தெரிஞ்சவ ஆடுவா, இதுல எழுத என்ன இருக்கு?" என்பாள். அவள் இப்போது ஆடுவதும் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் காலனி திருச்சி ரோட்டில், வடமதுரை பஸ் போகிற வழியில் இருக்கிறது. திண்டுக்கல்லுக்கு உள்ளே என்றும் சொல்ல முடியாது, வெளியே என்றும் சொல்ல முடியாது. வீடு கட்டாத மனைகள் சில ஒட்டினாற்போல் கிடக்கின்றன. மனைக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார். எப்போதாவது வந்து எல்லைக்கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். சர்க்கரை, பிரஷர் என்று டாக்டர்கள் எங்களை நடக்கச் சொன்ன காலத்தில் அந்த மனைகளைச் சுற்றித்தான் நடந்தோம். நடந்தோம் என்பது பேருக்கு. மருமகள் கதையும் தக்காளி விலையுமாக நின்றதுதான் அதிகம்.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம், எங்களோடு நடக்க வந்த ஒருத்தி, "நடக்குறதுக்குப் பதிலா ஆடலாமே, இம்புட்டுப் பேர் இருக்கோம்," என்றாள். வெங்காயப்பேட்டையில் கமிஷன் கடை வைத்திருப்பவரின் வீட்டுக்காரி. ஐம்பதைத் தொட்டவள், என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். மறுநாள் ஒரு சிவப்பு ரப்பர் வளையமும் துணி காயப்போடும் கொடிக்கயிறுமாக வந்து நின்றாள். ரிங் ஆடாத பெண் எங்கள் வயதில் யார் இருக்கிறாள்? பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குக் கால்பந்து, எங்களுக்கு அந்த வளையம். நடுவில் கட்டிய கயிற்றுக்கு மேலாக வருவதை ஒரு கையால் பிடித்து அதே கையால் உடனே எறிய வேண்டும். கீழே விழுந்தால் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பாயிண்ட். அவள் ஜில்லா அளவுக்கு ஆடியவள் என்பது ரொம்ப நாள் கழித்து அவளுடைய வீட்டுக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் எல்லோருக்கும் அவள் கேப்டனக்கா ஆகியிருந்தாள்.

முதல் வாரமே பைக்கில் போன ஒருத்தன் வண்டியை நிறுத்தி, "கிழவிகளுக்கு வந்த ஆசையப் பாரு," என்றான். நான் செருப்பைக் கையில் எடுத்துவிட்டேன். அக்கா அதற்குள் அவனைப் பார்த்து, "தம்பி, இந்தக் கயித்தச் செத்த இழுத்துப் பிடிங்க. எங்களுக்கு எட்ட மாட்டேங்குது," என்றாள். அவன் முழித்தான். பிறகு இறங்கி வந்து கட்டிக் கொடுத்தான். அடுத்த மாதம் அவனுடைய அம்மாவும் ஆட வந்தாள். எனக்கு அன்று வந்த ஆத்திரம் அக்கா மேல்தான். திட்டுவதற்குக் கிடைத்த ஒருவனைக் கைநழுவ விட்டுவிட்டாளே என்று.

அவள் செய்கிற விதமே வேறு. நைட்டியோடு ஆடினால் தடுக்கி விழுகிறார்கள் என்று நான் ஒருநாள், "நாளையிலருந்து நைட்டியோட வாரவ யாரும் உள்ள வரக்கூடாது," என்று சத்தம் போட்டேன். மறுநாள் பாதிப்பேர் வரவில்லை. அக்கா ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போனாள். "தடுக்குது, என்னடி செய்யலாம்?" என்று கேட்டாள், அவ்வளவுதான். பிரியாணிக்கடைக்காரி முதலில் சொன்னாள்: "சுடிதார் போட்டுக்குருவோம்க்கா." நான் சொன்ன அதே விஷயம்தான். ஆனால் அது இப்போது அவர்கள் போட்ட சட்டம் ஆகிவிட்டது. இன்றுவரை ஒருத்தியும் அதை மீறியதில்லை.

பிரியாணிக்கடைக்காரி என்றால் கடையில் நிற்பவள் இல்லை. அவளைப் பெத்த அத்தாவும் மாமனாரும் பிரியாணி வியாபாரம். இவள் வீட்டில் கடைக்கு மசாலா அரைத்துக் கொடுப்பவள். கையில் எப்போதும் பட்டை வாசம். கூட்டத்தில் நடுத்தரமான ஆட்டக்காரி, பேச்சில் முதல்தரம். அவளுக்கு நேர்மாறு டீச்சர். ரிட்டயர்டு ஆனவர், இரண்டு முழங்காலும் போனவர். ரிங் அவர் பக்கம் வந்தால் அதைப் பிடிப்பதைவிட அதற்கு வழிவிடுவதுதான் அதிகம்.

ஆரம்பத்தில் ஆள் பிரிக்க இரண்டு பேர் தலைகளாக நிற்போம். ஒரு பக்கம் அக்கா, எதிர்ப்பக்கம் நான். ஆடுவதில் எனக்கும் அக்காவுக்கும் சரிக்குச் சரி. மாற்றி மாற்றி ஆளுக்கு ஒருத்தியாகக் கூப்பிட்டு எடுத்துக்கொள்வோம். நல்லவளாகப் பார்த்து நான் முதலில் அள்ளிக்கொள்வேன், அதில் எனக்கு வெட்கமே கிடையாது. கடைசியில் டீச்சர் மட்டும் நிற்பார். கூப்பிட மிச்சம் யாரும் இல்லாததால் யாராவது ஒரு பக்கம் போய்ச் சேர்வார். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர், தன் பேரைக் கூப்பிடுவதற்காகக் காலடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திவிட்டார். கால்வலி என்று சொல்லியனுப்பினார். எல்லோரும் நம்பினோம்.

அக்கா நம்பவில்லை. அடுத்த நாள் டீச்சரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, "இனி உத்தி பிரிப்போம்," என்றாள்.

உத்தி பிரிப்பது சின்னப் பிள்ளைகள் வேலை. சமமான இரண்டு பேர் ஜோடி சேர்ந்து தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு, தோளில் கை போட்டபடி தலைகளிடம் திரும்பி வருவார்கள். "மல்லி வேணுமா, கனகாம்பரம் வேணுமா?" தலை எதைக் கேட்கிறாளோ அந்தப் பேருக்காரி அந்தப் பக்கம். மற்றவள் எதிர்ப்பக்கம்.

"நாமென்ன சின்னப்புள்ளைகளா?" என்றேன் நான்.

"யாரு ஒசத்தி, யாரு கடைசின்னு நீயும் நானும் எதுக்குச் சொல்லணும்? யாருக்கு யாரு சமம்னு அவுங்களே பாத்துக்கிரட்டும். நமக்கு வேல மிச்சம்."

எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மற்றவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. யாரும் கடைசியாக நிற்கவில்லை. டீச்சருக்கும் ஜோடி கிடைத்தது, சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்து இருந்த ஒரு பெரியம்மா. எங்கள் உத்திப் பேர்களைக் கேட்க வேண்டுமே! "கேஸ் சிலிண்டர் வேணுமா, தண்ணி லாரி வேணுமா?" "மாமியார் வேணுமா, நாத்தனார் வேணுமா?" ரெண்டும் வேணாம் போ என்று நான் கத்துவேன். சிரித்துச் சிரித்து ஆட்டம் ஆரம்பிக்கவே நேரமாகிவிடும். குழாயில் தண்ணீர் வருகிற நாள் தவிர மற்ற நாளெல்லாம் ஆடினோம். குடத்தோடு போட்டி போட எந்த கேப்டனாலும் முடியாது.

பிறகு பேங்க்காரப் பொண்ணு வந்தாள். மாற்றலாகி வந்தவள், கூட்டத்திலேயே இளையவள், கையில் வேகம். ஆபீஸில் தலைமை பற்றி ஏதோ வகுப்பு நடத்தினார்களாம். ஒருநாள் ஆட்டம் முடிந்து மண்ணில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னாள்: "தலைவருங்க மூணு விதமாம்க்கா. உத்தரவு போடுறவங்க, கேட்டுச் செய்றவங்க, அவங்கவங்க போக்குல விட்டுர்றவங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உத்தரவு யார் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எங்க வீட்டுல மூணும் எங்க மாமியாருதான்," என்றாள் பிரியாணிக்கடைக்காரி. "காலைல உத்தரவு, மத்தியானம் கேப்பாக, ராத்திரி என்னமும் செஞ்சு தொலைங்கன்னு தூங்கப் போயிருவாக."

அக்கா எந்த விதம் என்று பேங்க்காரப் பொண்ணு கேட்டாள். அக்கா மடியில் கிடந்த ரிங்கிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "நான் ஆட வந்தவ," என்றாள். அப்போது அது ஒரு பதிலாகவே எனக்குப் படவில்லை.

கை நடுக்கத்தை நான் முதலில் பார்த்தது அந்த நாட்களில்தான். ரிங் வருவதற்காகக் காத்து நிற்கும்போது அக்காவின் வலதுகை தொடையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ரிங் வந்ததும் நின்றுவிட்டது, பிடித்தாள், எறிந்தாள். களைப்பு என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். மதுரையில் பெரிய டாக்டரிடம் போய் வந்தார்கள். நரம்பு வியாதி, மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம், குணமாகாது என்று சொல்லிவிட்டாராம். இதை அக்கா எங்களிடம் மறைக்கவில்லை. சோத்துக்கு வெஞ்சனம் என்ன வைத்தோம் என்று சொல்வதுபோல் சொன்னாள். கேட்டுவிட்டு நான்தான் வீட்டுக்குப் போய் அழுதேன். பிரிக்க வேண்டிய தையலை எல்லாம் பிய்த்து எறிந்தேன்.

ஆட்டத்தை அவள் விடவில்லை. ஆனால் ஒருநாள் தலைக்கு நிற்கும் நேரத்தில் என் எதிரே வராமல் மற்றவர்களோடு போய் நின்றுகொண்டாள்.

"என்னக்கா அங்க?"

"தலைக்கு நிக்கிற ரெண்டு பேரும் சமமா இருக்கணும். நீயும் நானும் இப்பச் சமமில்ல. பேங்க்காரப் பொண்ணு நிக்கட்டும். நான் உத்திக்கு வாரேன்."

"அதெல்லாம் முடியாது. நீங்க கேப்டன்."

"கேப்டன்னா? கேப்டனுக்கு மட்டும் வேற சட்டமா?"

உத்திக்கு ஜோடி சேரவேண்டும். அக்காவோடு யார் போவது? அவளைத் தொட்டால், நீ இப்போது என் அளவுதான் என்று அவளிடமே சொன்னது போலாகும். எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள். அக்காவே நடந்து போய்ப் பிரியாணிக்கடைக்காரியின் தோளில் கையைப் போட்டாள். "வா, என்ன பேரு வைக்கலாம்?" வழக்கமாக வாய் ஓயாதவள் அன்று பேர் சொல்லவே இல்லை. அக்காதான் இரண்டு பேரையும் யோசித்தாள். என்ன பேர் என்று எனக்கு நினைவில்லை. நான் கேட்ட பேருக்கு அக்கா என் பக்கம் வந்தாள். அத்தனை நாளில் முதல்முறையாக நாங்கள் ஒரே பக்கம் ஆடினோம். மற்றவர்கள் அதற்குச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில மாதம் அது சரியாகத்தான் போயிற்று. நிஜமாகவே இரண்டு பேரும் ஒரே அளவில் ஆடினார்கள். பிறகு அக்காவின் கால் தயங்க ஆரம்பித்தது. திரும்ப நினைத்தால் உடம்பு ஒரு நொடி கழித்துத்தான் திரும்பும். பிரியாணிக்கடைக்காரி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஜெயிப்பது வழக்கமாயிற்று. இதை நாங்கள் யாரும் பார்க்காததுபோல் இருந்தோம். ஒரு சாயங்காலம் அக்கா அவளுடைய தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "என்னோட சேந்தா ஆட்டம் சாஞ்சுருது. நீ நல்ல ஆளாப் பாரு," என்றாள். சொல்லிவிட்டு டீச்சரிடம் போனாள். டீச்சருடைய ஜோடிப் பெரியம்மா அப்போது ஊருக்குத் திரும்பிப் போயிருந்தார்.

டீச்சரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இத்தனை நாள் யாருக்கும் வேண்டாதவராக இருந்த அவரை கேப்டனே தேடி வருகிறாள்! கையை நீட்டிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார். அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது. நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் எம்புட்டு ஆடுவேன்னு எனக்குத் தெரியும் கேப்டன். நீங்க எங்கிட்ட வரக்கூடாது."

"அதுனாலதான் டீச்சர் வாரேன். நீங்க சரியாச் சொல்லுவீங்க. உங்களுக்கு நான் சமமில்லன்னா அதையும் சொல்லிருங்க."

இரண்டு பேரும் தோளில் கைபோட்டு, ஒருத்தி நடுங்க ஒருத்தி நொண்ட, பேர் வைப்பதற்காகத் தள்ளிப் போனார்கள். அந்தக் காட்சியை என்னால் பார்க்க முடியவில்லை. கயிறு தளர்ந்திருக்கிறது என்று கம்பத்தடியில் போய் நின்று, சரியாக இருந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அடுத்து நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. சொல்லியிருக்கிறேன், நிறையச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நியாயமாகப் பார்த்தால் முடியாது. அக்கா வராத ஒருநாள், மாத்திரை மாற்றுவதற்காக மதுரை போயிருந்த நாள், பிரியாணிக்கடைக்காரி எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். மசாலாவுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினோம். இனி அக்காவுக்கு எறியும்போது மெதுவாக எறிவது, கைக்கு நேராகப் போடுவது என்று பேசி முடிவாயிற்று.

"ஏன், பிச்சை போடுறீங்களா?" என்றேன்.

"உனக்கு வாய்தான் பெருசு, நெஞ்சுல ஈரம் இல்ல," என்றாள் பிரியாணிக்கடைக்காரி. அவள் கண்ணில் நீர் வெங்காயத்தால் வந்ததில்லை.

"அவுங்கள ஒப்புக்குச் சப்பாணி ஆக்குறீங்க. சின்னப்புள்ளைய ஆட்டத்துல சேத்துக்கிட்ட மாதிரி, புடிச்சாலும் கணக்கில்ல, விட்டாலும் கணக்கில்ல. இத அவுங்ககிட்டக் கேட்டீங்களா? எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுச் செஞ்ச மனுசியாச்சே, இத ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

டீச்சர்தான் பதில் சொன்னார். "எனக்கு அடுத்து யாருமில்லம்மா. இன்னும் ஒருபடி எறங்குனா அவுங்க எங்க போவாங்க? வராம நின்னுருவாங்க. எனக்குப் பயமா இருக்கு."

பதில் இல்லாதபோது நான் கத்துவேன். கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அக்காவாக இருந்தால் அந்த வெங்காயக் கூடை நடுவிலேயே உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாகக் கேட்டு, பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் வழிக்குக் கொண்டுவந்திருப்பாள். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தேவைப்பட்டாள். அவளில்லாத இடத்தில் அவளைப் பற்றிய முடிவை எடுத்தோம். பாவிகளா என்று திட்ட நினைத்தாலும் முடியவில்லை, பிரியத்தில்தானே செய்தார்கள்.

அக்கா மறுபடி ஆட வந்த அன்று உத்தியில் என் எதிர்ப்பக்கம் போனாள். டீச்சர் என் பக்கம். என் பக்கத்தில் எல்லோரும் பேசி வைத்தபடி எறிந்தார்கள். ரிங் தொட்டிலில் போடுகிற மாதிரி அக்காவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்று பிடித்தாள். இன்னொன்று பிடித்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்திருப்பாள். அடுத்ததையும் பிடித்தாள். அதற்கடுத்தது டீச்சர் எறிந்தது. டீச்சருக்கு நடிக்கத் தெரியாது. கயிற்றுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து, அக்காவின் விரலில் மாட்டிவிடுவது போல் போட்டுவிட்டார்.

அக்கா ரிங்கைத் திருப்பி எறியவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். பிரியாணிக்கடைக்காரி தலை குனிந்தாள். பேங்க்காரப் பொண்ணு கயிற்றைப் பார்த்தாள். அந்த வெளிச்சம் போய்விட்டது.

"யாரு சொன்னது?" என்றாள். குரல் உயரவில்லை. ரிங்கை என்னிடம் போட்டாள்.

"நீ எறி. எப்பவும் எறிவீல, அந்த மாதிரி."

எறிந்தேன். வேறு என்ன செய்ய? எப்போதும் எறிவதுபோல, அவளுடைய இடதுபக்கத் தோளுக்கு மேலே, வேகமாக எறிந்தேன். அக்காவுக்கு அது வரும் இடம் தெரியும். எத்தனை வருஷம் அதைப் பிடித்திருக்கிறாள். கண் சரியாக அங்கே போயிற்று. கை போகவில்லை. ரிங் பின்னால் போய் விழுந்து உருண்டது.

"பாயிண்ட் உங்களுக்கு," என்றாள் அக்கா.

பக்கத்தில் நின்றவள் எடுக்கப் போனாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். தானே நடந்து போய், முட்டியைப் பிடித்துக் குனிந்து, விரல் அதில் மாட்டும்வரை தடவி எடுத்து வந்தாள். அதற்கு ஆன நேரம் முழுக்க நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். கயிற்றுக்கு மேலாக ரிங்கை என் கையில் கொடுத்தாள். மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தாள். அவள் பக்கம் தோற்றது. எல்லோரிடமும் வாரேன் என்று சொல்லிக்கொண்டுதான் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

பழி என் மேல் விழுந்தது. நோயாளி மேல் அப்படி எறிவாளா ஒருத்தி என்று சிலர் ஜாக்கெட் தைக்கவே வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும். ஆட்டமும் நோஞ்சானாகிவிட்டது. நான் சத்தம் போடுவேன், பேங்க்காரப் பொண்ணு சமாதானம் பேசுவாள், அரைமணி நேரத்தில் ஆளாளுக்கு வேலை வந்துவிடும். அப்போதுதான் எனக்கு விளங்கியது: அக்கா எங்களை நடத்தினாள் என்றே நாங்கள் யாரும் நினைத்ததில்லை. அவளும் ஆடிக்கொண்டிருந்தாள், நாங்களும் ஆடிக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கடைசியில் அவர்களே என்னிடம் வந்தார்கள். "நீ போய்க் கூப்பிடு. அன்னைக்கு உன்னயத்தான எறியச் சொன்னாங்க. நீ சொன்னா வருவாங்க," என்றாள் பிரியாணிக்கடைக்காரி. அவளே என்னை மாடிப்படி வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள்.

அக்காவின் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் டீ போடப் போனார். அக்கா ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தாள். முன்னால் பாதி மட்டும் ஊற்றிய தம்ளர் இருந்தது, சிந்தாமல் இருப்பதற்கு. முகம் கொஞ்சம் இறுகியிருந்தது. அந்த வியாதி முகத்தையும் பிடித்துக்கொள்ளுமாம். சிரித்தாள் என்று எனக்குத் தெரிந்தது கண்ணால்தான்.

"எல்லாரும் நல்லா இருக்காங்களா? டீச்சர் கால் எப்பிடி இருக்கு?"

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்க வாங்க. ஆடலன்னாலும் உக்காந்து விசில் ஊதுங்க. நீங்க இருந்தாப் போதும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"விசில் ஊத ஆள் கிடைக்கும். நான் ஆட வந்தவ."

"சரி, ஆடுங்க. யாரும் மெதுவா எறிய மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

அக்கா தம்ளரைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குச் சமமா ஒருத்தியச் சொல்லு. நாளைக்கே வாரேன்."

சாதாரணமாகத்தான் கேட்டாள். கோபமில்லை, குத்தலும் இல்லை. நான் யோசித்தேன். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். பிரியாணிக்கடைக்காரி, டீச்சர், பைக்கில் வந்தவனின் அம்மா, புதிதாகச் சேர்ந்தவர்கள். யார் பேரைச் சொன்னாலும் பொய். கீழே தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை எனக்கு ஒரு பேர் கிடைக்கவில்லை. என்னைப் போன்ற வாயாடிக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"நான் இருக்கேன்ல?" என்றேன் கடைசியில். "நான் வாரேன் உங்களுக்கு ஜோடியா. மொதல்லருந்து நீங்களும் நானும்தான சமம்? எனக்கும் வயசாகுதுக்கா. கண்ணு மங்குது. ஊசியில நூல் கோக்க முடியல."

"கைய நீட்டு."

நீட்டினேன். அக்கா தன் கையைக் கொண்டுவந்து என் கைக்கு ஒட்டினாற்போல் நீட்டினாள். அவளுடைய விரல்கள் ஒன்றோடொன்று உரசி ஆடின. நிறுத்தப் பார்த்தாள். மணிக்கட்டில் நரம்பு புடைத்தது, கூடுதலாக ஆடியது. பக்கத்தில் என் கை. சின்ன வயதிலிருந்து கத்தரி பிடித்த கை. அது ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒரே ஒரு தடவை நடுங்கித் தொலையேன் சனியனே என்று மனசுக்குள் அதைத் திட்டினேன். கொஞ்சம் ஆட்டிக் காட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆட்டவில்லை.

"நல்ல கை," என்றாள் அக்கா. "போ. நேரமாச்சு, அவுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."